குமாஸ்தாவுக்கு ஞாபகம் வந்த மாதம்

செப்டம்பர் 2

அன்புள்ள வாண்டுக்கு,

இதை எழுதுகிறவன் இப்போது தரைக்கு நெருங்கிய சொந்தக்காரன். தரையில் எத்தனை ஓடு, எந்த ஓட்டில் எத்தனை கீறல், எந்தக் கீறலில் எத்தனை எறும்புக் குடும்பம் குடியிருக்கிறது, எந்தக் குடும்பத்தில் மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை என்னைக் கேள், சொல்கிறேன்.

போன வாரம் என் வலது கண்ணின் விழித்திரை, ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி உரிந்துகொண்டு வந்துவிட்டது. டாக்டர் திரும்ப ஒட்டி, மறுபடி உரியாமல் அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு காற்றுக் குமிழியை விட்டிருக்கிறார். குமிழி சரியான இடத்தில் நிற்க வேண்டுமானால் நான் இன்னும் நாலு வாரம் தலையைக் குனிந்தே இருக்க வேண்டுமாம். சாப்பாடு குனிந்து, தூக்கம் கவிழ்ந்து. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நான் எதையோ செய்துவிட்டு ஒப்புக்கொண்டவன் மாதிரித் தெரிகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தோளைத் தட்டி, "விடுங்க சார், நடந்தது நடந்துபோச்சு" என்று மன்னித்துவிட்டே போய்விட்டார்.

கம்ப்யூட்டர் திரை கூடாது என்றது டாக்டர். போன் கூடாது என்றது உன் அத்தை. முதல் நாள் போனில் பேசும்போது உற்சாகத்தில் மூன்று தடவை தலையை நிமிர்த்திவிட்டேனாம். "குடுங்க இப்படி. உங்களுக்கு வாய் திறந்தா கழுத்து தானா நிமிருது" என்று பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். ஆக, குனிந்தபடியே செய்யக்கூடிய ஒரே கௌரவமான தொழில் கடிதம் எழுதுவதுதான். முக்காலி மேல் தாள், தாள் மேல் நான். நல்ல கண் ஒன்று மிச்சமிருக்கிறது.

சரி, வழக்குக்கு வருகிறேன். நேற்று அத்தையிடம் போனில் என்ன சொன்னாய்? ஜட்ஜ் ஐயாவின் குமாஸ்தாவைப் பிரித்துப் போட்டுவிட்டாயாமே!

பத்தொன்பது வருடம் கண்ணில் எண்ணெய் ஊற்றி நான் வளர்த்த புரோகிராம் அது. அண்டசராசரத்தில் எத்தனை கோடி நிபந்தனை இருந்தாலும் கொண்டுவந்து கொட்டு. அத்தனையையும் ஒருசேரக் காப்பாற்ற வழி உண்டென்றால் ஜட்ஜ் ஐயா 'முடியும்' என்பார், எப்படி என்று அட்டவணை போட்டும் காட்டுவார். வழி இல்லையென்றால் 'முடியாது'. அவர் முடியாது என்றால் சூரிய மண்டலத்தில் எங்கு போய் முறையிட்டாலும் முடியாது. அப்பேர்ப்பட்ட நீதிமானுக்கு, வெளியிலிருந்து வரும் எழுத்தை வரிவரியாகப் படித்துப் பொருள் சொல்வதற்கு ஒரு குமாஸ்தாவை வைத்தேன். ஒரு மனுவைப் படித்து முடித்ததும் அதிலிருந்த பெயர், உறவு, சங்கதி எல்லாவற்றையும் அவர் மறந்துவிடுவார். தெரியாமல் செய்த காரியமா அது? பழைய வழக்கின் அழுக்கு புது வழக்கில் ஒட்டக் கூடாதென்று யோசித்துச் செய்தது. உலகத்தில் வேறெந்தக் குமாஸ்தாவுக்கும் இப்படி ஒரு பரிசுத்தமான மறதி கிடையாது.

அவருக்குப் போய் ஞாபகசக்தி கொடுக்கப் போகிறாயாம். ஏன், எதற்கு, யாரைக் கேட்டு? உடனே பதில் எழுது.

உன் மாமா
(தலைவர், அகில உலகக் குனிந்தோர் பேரவை)

---

செப்டம்பர் 5

மாமாவுக்கு,

கண் எப்படி இருக்கிறது என்று உங்களைக் கேட்டால் நாலு பக்கம் வரும். அத்தையைக் கேட்டுக்கொள்கிறேன். நிமிராதீர்கள்.

ஏன், எதற்கு என்று கேட்டீர்கள். நான் உட்கார்ந்திருக்கும் அறையைச் சொன்னால் புரியும். லிஃப்டுக்கும் துணி வைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. இந்த ஆஸ்பத்திரியின் அறுபத்துநாலு நர்ஸ்களுக்கும் எந்த நாள், எந்த நேரம், எந்த வார்டு என்பது அந்தப் பலகையில்தான் இருக்கிறது. அதை ஆள்கிறவர் பெரிய சிஸ்டர். இருபத்தாறு வருட சர்வீஸ். பலகையைப் பார்க்காமலே யாருக்கு எந்த வேலை என்று சொல்வார்.

அந்தப் பலகையில் இருப்பதையெல்லாம் நிபந்தனைகளாக எழுதி உங்கள் ஜட்ஜுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு வார்டில்தான் இருக்கலாம். இரவு வேலைக்கு அடுத்த பகல் ஓய்வு. குழந்தைகள் வார்டில் எந்நேரமும் நாலு பேருக்குக் குறையக் கூடாது. இப்படி நாலாயிரத்து இருநூறு வரி. ஜட்ஜ் நன்றாகத்தான் தீர்ப்புச் சொல்கிறார். ஆனால் காலையில் ஒரு நர்ஸ் போன் செய்து "பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னைக்கு வரல" என்கிறாள். ஒரே ஒரு வரி மாற்றம். ஜட்ஜுக்குப் பழையதெல்லாம் நினைவிருக்கிறது. கூட ஒரு வரி சேர்த்தால் விட்ட இடத்திலிருந்து யோசிக்கும்படி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஒரு வரியைப் படிக்க வேண்டிய குமாஸ்தா, "யார் இந்த நர்ஸ்? வார்டு என்றால் என்ன?" என்கிறார். அவருக்காக ஜட்ஜை வீட்டுக்கு அனுப்பி, மறுபடி வரவழைத்து, நாலாயிரத்து இருநூறையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. பதினாலு நிமிடம். பெரிய சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு ஒரு துணியும் நாப்பது செகண்டும் போதும். உன் ஜட்ஜ் குளிச்சிட்டு வர்றாரா?"

இது வெறும் கிண்டலாக இருந்தால் நான் உங்கள் பரிசுத்தத்தில் கை வைத்திருக்க மாட்டேன். முப்பதாம் தேதி ஒரு கூட்டம் இருக்கிறது. நிர்வாக அதிகாரி குழந்தைகள் வார்டில் இரண்டு நர்ஸ்களைக் குறைக்கப் போகிறார். குறைத்தால் வார்டு நடக்காது என்கிறார் பெரிய சிஸ்டர். "பலகையைக் காட்டி நடக்காதுன்னா எப்படி நம்புறது? ஆட்களை மாத்திப் போட்டா நடக்கும்" என்கிறார் அவர். கூட்டத்தில் அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார்: இப்படி மாற்றினால்? அப்படி மாற்றினால்? ஒவ்வொரு கேள்விக்கும் பதினாலு நிமிடம் என்றால் அவர் டீ குடிக்கப் போய்விட்டு, முடிவோடு திரும்பி வருவார். அதற்காகத்தான் பெரிய சிஸ்டர் எனக்கு ஒரு மாதம் கொடுத்திருக்கிறார். போகப்போகிற இருவரில் ஒருத்தி சுருட்டை. சேர்ந்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. முடியை வைத்து எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே குமாஸ்தாவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். படித்த பெயரையெல்லாம் அதில் குறித்துக்கொள்வார். அடுத்த கட்டு வரிகள் வரும்போது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பார். அவ்வளவுதான். இருபத்தாறு பக்கம், பெரிய எழுத்தில் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். குனிந்தே படிக்கலாம்.

ஒரே ஒரு சந்தேகம். ஐந்து வரியுள்ள ஒரு கட்டில் ஐந்தாவது வரியில் பிழை இருந்தால், முன்னால் படித்த நாலு வரியை என்ன செய்வது? மொத்தத்தையும் அழித்துவிட்டுக் கட்டு வருவதற்கு முன்பிருந்த நிலைக்கே போய்விடலாம் என்பது என் யோசனை. அப்படித்தான் எழுதியும் வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்.

வாண்டு
(முப்பத்துமூன்று வயதாகிறது மாமா. பெயரை மாற்றுவதைப் பரிசீலிக்கவும்.)

---

செப்டம்பர் 8

அன்பிற்குரிய வாண்டே,

பெயர் மாற்ற மனு தள்ளுபடி.

உன் இருபத்தாறு பக்கத்தையும் தரையில் பரப்பி, அதன் மேல் ஒரு ஆமையைப் போல ஊர்ந்து ஊர்ந்து படித்தேன். உன் அத்தை சமையலறைக்குப் போக வழியில்லாமல் நீளம் தாண்டிக் குதித்தாள். முதல் பக்கத்தில் உன்மேல் வழக்குப் போட நினைத்தேன். ஒன்பதாம் பக்கத்தில் வழக்கை ஒத்திவைத்தேன். பதினேழாம் பக்கத்தில், குமாஸ்தா நோட்டைத் திறந்து பழைய பெயரைத் தேடும் இடத்தில், ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. அத்தை இருந்ததால் நிமிரவில்லை.

உன்னிடம் ஒரு ரகசியம் சொல்கிறேன். என் புரோகிராமை உலகெங்கும் பல்லாயிரம் பேர் பயன்படுத்துவதாக நான் உன் அம்மாவிடம், சம்பந்தியிடம், பல் டாக்டரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். சரியான கணக்கு நாலு பேர். அதில் ஒருவன் நான். இன்னொருவர் பேராசிரியர், ஓய்வு பெற்றுவிட்டார். மூன்றாமவர் யாரென்று தெரியாது. பிழை இருப்பதாக ஒரு தடவை எழுதினார், பிறகு காணவில்லை. நாலாவது நீ. அதனால் ஒரு பெரிய சிஸ்டர் கைக்கடிகாரத்தோடு என் ஜட்ஜுக்காகக் காத்து நின்றார் என்று நீ எழுதிய வரியை நான் பதினொரு தடவை படித்தேன். அவர் திட்டினார் என்பதையும் சேர்த்துத்தான்.

உன் சந்தேகத்துக்குத் தீர்ப்பு: அழிக்காதே! நாலு வரியும் செய்த குற்றம் என்ன? ஐந்தாமவன் தடுக்கி விழுந்தான் என்பதற்காக ஒழுங்காக வந்த நாலு பேரையும் வாசலில் தள்ளுவதா? என் குமாஸ்தா ஒன்றை ஏற்றுக்கொண்டால் ஏற்றுக்கொண்டதுதான். ஞாபகம் கொடுத்ததே கொடுத்தாய், அரைகுறை ஞாபகமாகக் கொடுக்காதே. நாலு வரியும் நோட்டில் நிற்கட்டும். ஐந்தாவதை மட்டும் திருத்தி அனுப்பச் சொல்.

மேல்முறையீடு கிடையாது.

மாமா

பின்குறிப்பு, வேறு கையில்: வாண்டு, அத்தை. அவர் நிமிரலன்னு எழுதியிருக்கார். நிமிர்ந்தார். ரெண்டு தடவை. நான் பார்த்தேன்.

---

செப்டம்பர் 11

மாமாவுக்கு,

மூன்று விநாடி.

பதினாலு நிமிடம் இருந்த இடத்தில் மூன்று விநாடி. காலையில் குமாஸ்தா நாலாயிரத்து இருநூறையும் ஒரே ஒரு தடவை படிக்கிறார். அதன்பின் நாள் முழுக்க, வருகிற வரியை மட்டும். பெரிய சிஸ்டர் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், நின்றுவிட்டதோ என்று.

உங்கள் தீர்ப்பின்படி நாலு வரியையும் வைத்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டேன். மனசுக்கு ஒப்பவில்லை. இங்கே மேசையில் தட்டச்சு செய்கிறவர் இரண்டு விரல் அண்ணன். இரண்டே விரலில், ஆனால் மழை மாதிரி அடிப்பார். மூன்று மாதமாக நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: பிழை என்று வந்தால் திருத்திவிட்டு முழுசாகத் திரும்ப அனுப்புங்கள் அண்ணே. மறதிக்காரக் குமாஸ்தாவுக்கு அதுதான் சரி. இப்போது, "பிழையான வரியிலிருந்து மட்டும் அனுப்புங்கள்" என்று மாற்றிச் சொல்லியிருக்கிறேன். "சரிம்மா சரிம்மா" என்றார். இரண்டு சரி சொன்னால் அவர் கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஆனாலும் ஜட்ஜ் உங்கள் பிள்ளை. நீங்கள் சொன்னதே இருக்கட்டும்.

வாண்டு

---

செப்டம்பர் 14

மூன்று விநாடிகளின் பேரரசியே!

உன் கடிதம் வந்ததும் அத்தையிடம் படித்துக் காட்டினேன், துணி துவைக்க வந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன், எறும்புகளிடமும் சொல்லிவிட்டேன். ஒளியின் வேகத்தை இனிமேல் மறுபடி அளந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். டாக்டர் வந்து குமிழி நல்ல இடத்தில் இருக்கிறது என்றார். "எப்படி இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?" என்று கேட்டார். என் குமாஸ்தாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்றேன். அவர் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு என் தலையில் எங்காவது அடிபட்டதா என்று விசாரித்தார்.

இரண்டு விரல் அண்ணனைப் பற்றிக் கவலைப்படாதே. மனிதன் பழகிக்கொள்வான்.

மாமா

---

செப்டம்பர் 18

மாமாவுக்கு,

நேற்று ஒரே நர்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு வார்டில் இருந்தாள். காகிதத்தில்.

பயிற்சி முடித்த சுருட்டையைப் பட்டியலில் புதிதாகச் சேர்க்க இரண்டு விரல் அண்ணன் ஐந்து வரி அடித்தார். முதல் வரி, இப்படி ஒரு நர்ஸ் இருக்கிறாள். நடுவில் மூன்று, அவள் படிப்பு, அவள் வரும் நாட்கள். ஐந்தாவதில் ஒரு அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டார். குமாஸ்தா 'ஐந்தாம் வரியில் பிழை' என்றார். அண்ணன் திருத்தினார். மூன்று மாதப் பழக்கப்படி ஐந்தையும் திரும்ப அனுப்பினார். குமாஸ்தா 'இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது' என்றார். அண்ணன் யோசித்தார். இன்னொரு சுருட்டை ஏற்கெனவே வேலையில் இருக்கிறாள் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, பெயருக்குப் பின்னால் 2 என்று போட்டார். குமாஸ்தா சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

ஜட்ஜைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு வார்டில்தான் என்ற விதியை அவர் மீறவே இல்லை. சுருட்டையைக் குழந்தைகள் வார்டில் போட்டார். சுருட்டை 2-ஐ நாலாம் மாடியில் போட்டார். பகல் இரண்டு மணிக்கு அவள் கையில் இரண்டு சீட்டோடு மாடிப்படியில் நின்றாள். "அக்கா, நான் மேல போகணுமா, கீழ போகணுமா?" என்று என்னைக் கேட்டாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளை நாலாம் மாடிக்கு அனுப்பினோம். குழந்தைகள் வார்டில் மூன்றே பேர்தான் இருந்தார்கள். மூன்றரை மணி வரை பெரிய சிஸ்டரே உள்ளே போய் நின்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதை இரண்டு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

செய்தி நிர்வாக அதிகாரிக்குப் போய்விட்டது. அவர் எங்கள் சந்துக்கே வந்து சிரித்தார். "பாத்தீங்களா, ஒரு ஆள் ரெண்டு வார்டைப் பாத்துக்கலாம்னு உங்க புரோகிராமே சொல்லுது."

பெரிய சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. பலகையில் போய் எல்லாப் பெயரையும் கையால் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, "நீ இதை இப்படியா முதல்ல செஞ்சே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்ன ஏன் மாத்தினே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

வாண்டு

---

செப்டம்பர் 20

வாண்டு,

பதில் எனக்குத் தெரியும். நான் சொன்னேன் என்பதால் மாற்றினாய்.

நீ சரியாக எழுதியிருந்தாய். நான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். சரி என்றும் எனக்குத் தெரிந்தது. ஆனால் இருபத்தாறு பக்கத்திலும் திருத்த ஒன்றுமே இல்லை. பத்தொன்பது வருடம் எழுதியவன் ஒரு இடத்தையாவது திருத்தாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது? அதனால்தான் அதைத் திருத்தினேன். நாலு வரி என்ன குற்றம் செய்தது என்றெல்லாம் எழுதினேனே, அது அப்புறம் தோன்றியது.

அந்தப் படிக்கட்டில் ஒரு பெண்ணை நிறுத்தியது நான். அண்ணன் இல்லை, நீ இல்லை.

காலையிலிருந்து இதைப் பெரிதாக்கி எழுதிப் பார்க்கிறேன். வரவில்லை. மன்னித்துக்கொள்.

நீ முதலில் எழுதியதையே போடு. என்னைக் கேட்காதே.

மாமா

---

செப்டம்பர் 24

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். எறும்போ ஆமையோ வராமல் ஒரு கடிதமும் நீங்கள் எழுதியதில்லை. பயந்துபோய் அத்தைக்குப் போன் செய்தேன். "சாப்பிடுறார், குனிஞ்சுதான் இருக்கார், ஆனா பேச்சு குறைஞ்சிருக்கு. நல்லதுதான், ரெண்டு நாள் இருக்கட்டும்" என்றாள். மன்னிப்பெல்லாம் எப்போதோ ஆகிவிட்டது. பேச ஆரம்பியுங்கள்.

முதலில் எழுதியதை நான் அழிக்கவே இல்லை. வேறொரு பெயரில் எடுத்து வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, பத்தொன்பதாம் தேதியே, போட்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல். இப்போது நீங்கள் கேட்காதே என்று எழுதியிருப்பதால் நாம் இருவரும் ஒழுங்கானவர்கள் ஆகிவிட்டோம்.

ஒரு கட்டு வந்ததும் குமாஸ்தா நோட்டில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார். கோட்டுக்குக் கீழே குறித்துக்கொண்டு போகிறார். கடைசி வரி வரை சரியாக இருந்தால்தான் ஜட்ஜ் காதில் ஒரு வார்த்தை போகும். நடுவில் பிழை என்றால் கோடு வரைக்கும் அழித்துவிட்டு, எதுவுமே படிக்காத முகத்தோடு உட்கார்ந்துகொள்கிறார். இரண்டு விரல் அண்ணன் இனிமேல் ஐந்தையும் அனுப்பலாம், ஐம்பதையும் அனுப்பலாம். அவருக்கு நான் எதையும் புதிதாகச் சொல்லவில்லை. அவர் பழக்கத்துக்குக் குமாஸ்தாவைப் பழக்கிவிட்டேன்.

அதே கோடு கூட்டத்துக்கும் உதவும். 'இப்படி மாற்றினால்?' என்று அவர் கேட்டால் கோடு போட்டுவிட்டு அதைச் சேர்ப்பேன். பதில் வந்ததும் கோடு வரை அழிப்பேன். குமாஸ்தாவும் ஜட்ஜும் சேர்ந்தே மறப்பார்கள். ஒருவர் மட்டும் ஞாபகம் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோமே.

இன்னொரு சமாச்சாரம். நேற்று பெரிய சிஸ்டர் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். வரியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியிருந்தது. "யாரும்மா இது? அகில உலகமே என்கிட்ட மன்னிப்புக் கேக்குற மாதிரி எழுதியிருக்கார்." நான் வாங்கிப் பார்த்தேன். 'தவறு முழுக்க என்னுடையது, என் மருமகள் எழுதியதை நான் கெடுத்தேன், ஒரு தடவை அவளுடையதை அவள் எழுதியபடியே நடத்திப் பாருங்கள்.' அவ்வளவுதான் இருந்தது. உங்கள் வழக்கத்துக்கு இது அகில உலகம் இல்லை மாமா, தெருமுனைகூட இல்லை. ஆனால் சிஸ்டரிடம் இருபத்தாறு வருடத்தில் ஒரு டாக்டர்கூட மன்னிப்புக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"முப்பது வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாண்டு

---

செப்டம்பர் 26

வாண்டுப் பேரரசிக்கு,

பேச ஆரம்பிக்கச் சொன்னாய், ஆரம்பித்துவிட்டேன். காலையிலிருந்து அத்தை காதில் பஞ்சு வைத்திருக்கிறாள்.

உன் பென்சில் கோட்டைப் பற்றிப் படித்தேன். பாராட்டி ஒன்றும் எழுதப் போவதில்லை; பாராட்டினால் அதிலும் ஒரு திருத்தம் சொல்லிவிடுவேனோ என்று பயம். முப்பதாம் தேதி காலையிலிருந்து நான் குனிந்திருக்கும் குனிவு தனிக் குனிவாக இருக்கும் என்று மட்டும் தெரிந்துகொள். அன்று நடப்பது அன்றே தபாலில் வராது என்று அத்தை சொல்கிறாள். இருந்தாலும் வாசலில் முக்காலியைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

மாமா

---

அக்டோபர் 1

மாமாவுக்கு,

கூட்டம் முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் நிமிராதீர்கள்.

நீண்ட மேசை. ஒரு தலையில் நிர்வாக அதிகாரி, இன்னொரு தலையில் பெரிய சிஸ்டர். நடுவில் நான், இரண்டு விரல் அண்ணன், கம்ப்யூட்டர். எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் பெரிய திரை. சுருட்டை வெளியே தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றிருந்தாள். உள்ளே வரவேண்டாம் என்று சொல்லியும் போகவில்லை.

"இரண்டு பேரைக் குறை" என்றார் அதிகாரி. அண்ணன் அடித்தார். முடியாது. மூன்று விநாடி.

"இரவு வேலையை ரெண்டு மணி நேரம் நீட்டு." முடியாது.

"நாலாம் மாடியிலேர்ந்து ஒருத்தரை இறக்கு." முடியாது, நாலாம் மாடியில் ஆள் குறைகிறது.

"ரெண்டையும் சேத்துப் போடு." அண்ணன் அவசரத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். பிழை என்றார் குமாஸ்தா. அண்ணன் திருத்தி, முழுக் கட்டையும் திரும்ப அனுப்பினார். ஒன்றும் இரண்டாகவில்லை. முடியாது.

ஏழு கேள்வி வரை இப்படியே. அதிகாரி டீ சொல்லியிருந்தார். டீ வருவதற்குள் ஏழும் முடிந்துவிட்டது. எட்டாவதாக அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்த ஓய்வு விதி இருக்கே, இரவுக்கு அடுத்த பகல், வாரத்துக்கு ஒரு நாள், அதையெல்லாம் ஒரு மாசத்துக்கு எடுத்துடு" என்றார்.

முடியும்.

திரையில் ஜட்ஜ் அட்டவணையையும் போட்டுக் காட்டினார். அதிகாரி சிரித்தார். "அவ்வளவுதான் விஷயம். இதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்றேன்." உங்கள் மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுத மாட்டேன். ஜட்ஜ் ஏன் இவ்வளவு நேர்மையாக இருக்க வேண்டும்?

பெரிய சிஸ்டர் எழுந்திருக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "சரி சார். அட்டவணை வந்திருக்கே, நீங்களே சத்தமா படிங்க. குழந்தைகள் வார்டு, முதல் ஆள்" என்றார்.

அவர் படித்தார். "ஒன்றாம் தேதி பகல். ஒன்றாம் தேதி இரவு. இரண்டாம் தேதி பகல்..."

"பேரோட படிங்க சார்."

பெயரோடு படித்தார். மூன்றாம் தேதி இரவு, நாலாம் தேதி பகல், நாலாம் தேதி இரவு. குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒன்பதாம் தேதி வந்தபோது நிறுத்திவிட்டார். டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

"இவங்க தூங்குறது எப்போ?" என்று அவரே கேட்டார்.

"அந்த விதியைத்தான் இப்ப எடுத்தோம் சார்" என்றார் இரண்டு விரல் அண்ணன். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே விளக்கினார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "பழையபடி போடு" என்றார். நான் கோடு வரை அழித்தேன். குமாஸ்தாவும் ஜட்ஜும் அந்த எட்டாம் கேள்வியைச் சுத்தமாக மறந்தார்கள். அறையில் இருந்த நாங்கள் மறக்கவில்லை. இரண்டு பேரைக் குறைக்கும் தாளை அவர் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். இந்த வருடம் அது வெளியே வராது என்று சாயங்காலம் ஆள் சொல்லியனுப்பினார்.

பெரிய சிஸ்டர் வெளியே வந்து சுருட்டையிடம், "நின்னது போதும், மூணு மணி டியூட்டி உனக்கு. ஒரு வார்டுலதான்" என்றார். அவள் ஓடியே போனாள்.

அப்புறம் என்னிடம் திரும்பி, "இந்த ஜட்ஜ் இனிமே இங்கதான். உங்க மாமாவுக்கு எழுதிடு" என்றார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"கண்ணு சரியானதும் வரச் சொல்லு. ஒரு நாள் முழுக்க இங்க நிக்கட்டும். பத்தொன்பது வருசமா யாருக்காக எழுதினாருன்னு அவரும் ஒரு தடவை பாக்கணும்ல."

வாண்டு

---

அக்டோபர் 4

வாண்டு,

நேற்று டாக்டர் நிமிரச் சொல்லிவிட்டார். விமானம் மட்டும் ஏறக்கூடாதாம். வியாழக்கிழமை காலை ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. அத்தையும் வருகிறாள்.

பெரிய சிஸ்டரிடம் சொல்லிவிடு. எந்த இடத்தில் நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்று மட்டும் கேட்டு வை.

மாமா